காசும் மாசும்

காசு என்னும் சொல்லுக்கு நாணயம் என்பதேயன்றிக் குற்றம் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. அவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருவது, பழங்காசுகளைத் திரட்டுவோர் அவற்றின் தரத்தை ஆராயும்போதேயாகும்.

நாகர்கோவிலும் அதனைச் சூழ்ந்த நாஞ்சில் நாடும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முன்னர் இப்பகுதி நெடுங்காலம் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்னும் கணக்கு இங்கு வழங்கிற்று. வெள்ளிச் சக்கரம் விரலிடை நில்லாது நழுவும் அத்துணைச் சிறியது. ஆதலின், குழிகள் நிரையாக அமைந்த மரப்பலகைமீது சக்கரங்களைக் கொட்டிக் குலுக்கி, குழிக்கு ஒன்றாகத் தங்கச்செய்து எண்ணினர். இத்தகைய காசுகள் பழைய வீட்டுப் பெட்டிகளில் இன்றும் கிடைத்தல் கூடும்.

காசு அடிக்கும் சாலைக்குக் கம்பட்டம் என்பது பெயர். கையால் அடித்த காலத்தில், உலோகத் தகட்டை ஈரச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். அச்சு விலகின் உருவம் ஒருபுறம் ஒதுங்கும். தகடு சிறிதாயின் எழுத்துகள் சில விடுபடும். அடி மெலிந்தால் நடுப்பகுதி எழாது. இருமுறை விழின் உருவம் இரட்டிக்கும். இவை காசின் பிறவிக் குற்றங்கள். கைமாறித் தேய்தல், கீறல், துளை முதலியன பின் வந்த குற்றங்கள். ஓலைச்சுவடியை ஆராய்வோர், எழுதினோன் கைப்பிழையையும் செல்லரித்த இடத்தையும் ஒன்றாகக் கருதார். காசை ஆராய்வோரும் அவ்வாறே இருவகைக் குற்றங்களையும் பிரித்தறிதல் வேண்டும்.

அஃது எங்ஙனம் இயலும்? தேய்ந்த காசில் மேடான பகுதிகளே முதலில் மழுங்கி, வழவழப்பாகி, இயல்பான ஒளியை இழக்கும். அடி மெலிந்த காசிலோ, உருவம் தெளிவாக எழாவிடினும், புத்துலோகத்தின் ஒளி அவ்விடத்தும் நிலைத்திருக்கும்.

1949-இல் அமெரிக்கராகிய வில்லியம் ஷெல்டன் என்பார், தம் நாட்டுப் பழைய செம்புக் காசுகளுக்கென 1 முதல் 70 வரை எண்ணிட்ட தர அளவை ஒன்றை வகுத்தார். பின்னர் அது பிற காசுகளுக்கும் பரவிற்று. அதன் கீழ்ப்படிகளில் தேய்வே பெரிதும் நோக்கப்படும்; தேயாத காசுகளுக்குரிய மேற்படிகளில் அச்சின் தெளிவும் ஒளியும் நோக்கப்படும். ஆகவே பிறவிக் குற்றம் ஒரு காசைத் தேய்ந்த காசு ஆக்காது. ஆயினும் உயர்ந்த படியைப் பெறவொட்டாது தடுத்தல் கூடும்.

பொறியால் அடித்த காசுகளில் இந்நிலை சில வேளை தலைகீழாகும். அங்குப் பிழை அரிது. அரிய பிழைக்கு விலை மிகுதி. பட்டையிலிருந்து தகடுகளை வெட்டுங்கால், முன் வெட்டிய துளைமீது மறுவெட்டு விழின், தகடு பிறைவடிவாகக் குறைபடும். விலையை விரும்பி, நல்ல காசை அரத்தால் அராவி அத்தகைய குறையை உண்டாக்கும் வஞ்சகரும் உளர். ஆனால் உண்மைக் குறையாயின், அதற்கு நேரெதிர் விளிம்பும் பெரும்பாலும் மெலிந்து தோன்றும். அராவிய காசில் அவ்வடையாளம் இராது.

மாணவர்களே, பழங்காசு கிடைப்பின் புளியிட்டுத் துலக்காதீர்கள். காலம் அளித்த மேனிநிறம் அதனால் அழியும், தரமும் தாழும். பிறவிக் குற்றத்தினும் பெருங்குற்றம் நம் கையால் விளைவது அன்றோ!

காசின் தன்மையை நோக்கி அறிவோரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்றனர். வடம வண்ணக்கன் தாமோதரனார் போன்ற புலவர்களும் அப்பெயரைத் தாங்கினர். உள்ள குறையை மறையாமலும் இல்லாத குறையை ஏற்றாமலும் உரைப்பதே அவர்தம் தொழிலறம். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல் தமிழில் வழங்குதல் எத்துணைப் பொருத்தம்!

வினாக்கள்

1. பிறவிக் குற்றம், பின் வந்த குற்றம்: வேறுபடுத்திக் காட்டுக.
2. தேய்ந்த காசையும் அடி மெலிந்த காசையும் பிரித்தறிவது எவ்வாறு?
3. பழங்காசைத் துலக்குதல் ஏன் தகாது?