அளந்தறிந்து விலை பேசுவோம்

முன்னுரை

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. மரக்காணத்துப் பிள்ளைகளாகிய நமக்கு அளவின் அருமையைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. உப்பளத்தில் நீரின் டிகிரி பார்த்த பின்னரே அடுத்த பாத்திக்கு நீரை விடுகிறார்கள். எடை போடாமல் எவரும் உப்பு மூட்டையை விற்பதில்லை. ஆனால், அதே குடும்பங்களின் வீட்டிற்குள் இரவும் பகலும் செலவாகும் மின்சாரத்தை நாம் அளந்து பார்க்கிறோமா? பில் வந்தபின் பெருமூச்சு விடுவதோடு சரி.

நம் ஊரில் உப்பு வாரும் காலம் கோடையோடு சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாத்திகள் மூழ்கிவிடும், கூலியும் நின்றுவிடும். மின்கட்டணமோ நிற்பதில்லை. அந்த மாதங்களில் 500 ரூபாய் என்பது வீட்டு அரிசிச் செலவில் ஒரு பங்காகவோ, ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவாகவோ இருக்கிறது. ஆகவே, வீட்டிற்கு வரும் எரிசக்தியைக் குறைந்த விலைக்குப் பெறும் வழிகள் எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விற்பவரை மாற்ற முடியுமா?

காய்கறி ஒரு கடையில் விலை கூடினால் மறு கடைக்குப் போகிறோம். மின்சாரத்திலும் அப்படிச் செய்யும் ஊர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு மே மாதத்திற்குள் எல்லா வீட்டாரும் தமக்கு விருப்பமான நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கும் உரிமையைப் பெற்றனர். நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மும்பையின் புறநகர்ப் பகுதிகளில் ரிலையன்ஸ் நிறுவனம் மின்சாரம் வழங்கி வந்தது. டாடா பவர் நிறுவனமும் வீடுகளுக்கு விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரிலிருந்து, பழைய நிறுவனத்தின் கம்பி வழியாகவே புதிய நிறுவனத்தின் மின்சாரத்தை வாங்க வழி பிறந்தது. டாடாவின் விலை குறைவாக இருந்ததால் ஏராளமான குடும்பங்கள் மாறின.

ஆயினும் அங்கும் இரண்டு பாடங்கள் உண்டு. மும்பையில், மாறியவர்கள் பழைய நிறுவனத்தின் கம்பிக்கான கட்டணத்தையும் கூடுதல் கட்டணங்களையும் செலுத்த வேண்டி வந்தது. எனவே யூனிட் விலையை மட்டும் பார்க்காமல், பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையை ஒப்பிட வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில், 2021இல் எரிவாயு விலை ஏறியபோது, மலிவாகத் தருகிறோம் என்று வந்த நிறுவனங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. மலிவான விலை நிலையான விலை ஆகாது என்பதை அந்நாட்டார் அப்போது கண்டனர்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தத் தெரிவு இல்லை. 1957இல் மின்சார வாரியம் தோன்றியது முதல் நம் வீட்டிற்கு வரும் கம்பி ஒன்றே, விற்பவரும் ஒருவரே. 2010இலும் 2024இலும் வாரியம் பல கழகங்களாகப் பிரிந்து பெயர்கள் மாறின. இந்த நிலை மாறவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி வருகிறது. அங்கே மின்துறை வேறு, கட்டண அட்டவணையும் வேறு. ஆனால், எல்லைக்கு இப்பால் இருப்பவர் அப்பால் சென்று மின்சாரம் வாங்க இயலாது.

அப்படியானால் நம் கையில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. விற்பவரை மாற்ற முடியாவிட்டாலும், நாம் எந்த விலைப் படியில் வாங்குகிறோம் என்பதை மாற்றலாம்.

கட்டணப் படிகள்

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் என்று அறிவியல் பாடத்தில் கற்கிறோம். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6 என விலை அமைந்தது. 2024 ஜூலையில் விலை சற்று உயர்ந்தது. படிகளின் அமைப்பு அப்படியே இருந்தது. கணக்கு முறையைக் கற்பதற்கு 2022ஆம் ஆண்டு விலைகளையே இங்கே எடுத்துக்கொள்வோம். பில் கட்டும் நாளில் உள்ள விலையைப் போட்டு வாசகர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதன்படி 200 யூனிட்டுக்கு ரூ.225, 400 யூனிட்டுக்கு ரூ.1,125, 500 யூனிட்டுக்கு ரூ.1,725.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 500ஐத் தாண்டிய வீட்டிற்கு ரூ.2.25 என்னும் சலுகைப் படி கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதும் ரூ.4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை ரூ.8. ஆகவே 510 யூனிட் செலவழித்த வீட்டார் 1,350 + 600 + 80 என மொத்தம் ரூ.2,030 கட்ட வேண்டும். பத்தே யூனிட் கூடியதற்கு ரூ.305 அதிகம்! இதை அறிந்த குடும்பம், கணக்கெடுக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக மீட்டரைப் பார்த்துக் கையைச் சுருக்கிக் கொள்ளும்.

வாடகை வீட்டார் கணக்கு

நம் தோழியர் பலர் வாடகைப் போர்ஷன்களில் குடியிருக்கிறார்கள். இவர்களுக்கு மின்சாரம் விற்பவர், நடைமுறையில், வீட்டு உரிமையாளரே. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதே விலை. விலை பேச வேண்டிய முதல் இடம் இதுதான். ஆனால் கணக்குத் தெரியாமல் பேசினால் அது சண்டையாகும். கணக்கோடு பேசினால் உடன்பாடாகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரே மீட்டரில் உரிமையாளர் 220 யூனிட்டும், சப் மீட்டர்படி குடித்தனக்காரர் 180 யூனிட்டும் செலவழிக்கிறார்கள். மொத்தம் 400, பில் ரூ.1,125. யூனிட்டுக்கு ரூ.8 என்று வாங்கினால் குடித்தனக்காரர் தருவது ரூ.1,440. அதாவது வீட்டின் முழுப் பில்லையும் கட்டிவிட்டு, மேலும் ரூ.315 உரிமையாளரிடம் தங்குகிறது.

உரிமையாளர் பக்கத்தையும் பார்ப்பது நியாயம். அவர் தனியே இருந்தால் 220 யூனிட்டுக்கு ரூ.315 மட்டுமே கட்டியிருப்பார். குடித்தனம் வந்ததால் அவருக்குக் கூடிய செலவு 1,125 கழித்தல் 315, அதாவது ரூ.810. இதை 180 யூனிட்டால் வகுத்தால் ரூ.4.50 வரும். ஆகவே யூனிட்டுக்கு ரூ.4.50 தந்தால் உரிமையாளருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை, குடித்தனக்காரருக்கோ ரூ.630 மிச்சம். பொதுத் தண்ணீர் மோட்டாரின் செலவு இருந்தால் அதைத் தனியே பங்கிடலாம்.

இதனினும் மேலான வழி ஒன்று உண்டு. தனி வாயிலும் தனிச் சமையலறையும் உள்ள பகுதியாயின் அதற்குத் தனி இணைப்புக் கேட்கலாம். அப்போது உரிமையாளர் பில் ரூ.315, குடித்தனக்காரர் பில் 80 யூனிட்டுக்கு ரூ.180. இரண்டும் சேர்ந்தே ரூ.495தான். இணைப்பை உரிமையாளர் தம் பெயரிலேயே வாங்கலாம் என்பதால் அவர் அஞ்ச வேண்டியதில்லை. புது இணைப்பிற்குத் தொடக்கத்தில் கட்ட வேண்டிய தொகையை இருவரும் பேசிப் பகிர்ந்து கொள்ளலாம்.

பேசும் முறையும் முக்கியம். பில் வந்த அன்று கோபத்தோடு போகாமல், வாடகை கொடுக்கப் போகும் நாளில் தாளும் கையுமாகப் போகலாம். "அக்கா, போன இரண்டு மாதத்துக்கு நாங்கள் 180 யூனிட் எரித்திருக்கிறோம். உங்கள் பில்லையும் கொஞ்சம் காட்டுங்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம். உங்களுக்கும் நஷ்டம் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம்" என்று நம் அம்மா பணிவாகச் சொல்லலாம். பக்கத்தில் நாம் பென்சிலோடு உட்காரலாம்.

ஒரே மின்விசிறி, இரு வீடுகள்

சிக்கனக் கருவி வாங்குமுன்னும் இதே கணக்கு வேண்டும். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறி ஏறத்தாழ 30 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம், 60 நாள் ஓடினால் பழையதற்கு 45 யூனிட், புதியதற்கு 18 யூனிட். மிச்சம் 27 யூனிட். 180 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இதன் மதிப்பு சுமார் ரூ.61. 510 யூனிட் வீடோ 483க்கு இறங்கி, ரூ.2,030க்குப் பதில் ரூ.1,623 கட்டும், மிச்சம் ரூ.407. விசிறி ஒன்றுதான், இருக்கும் படி வேறு என்பதால் பலனும் வேறாகிறது. குண்டு பல்பை மாற்றி எல்.இ.டி. பல்பு போடுவதோ எல்லா வீட்டிற்கும் ஏற்றது. 60 வாட் வேலையை அது 9 வாட்டில் செய்துவிடுகிறது.

சமையல் எரிவாயு

இண்டேன், பாரத், எச்.பி. என மூன்று பெயர்கள் இருப்பதால் விலையிலும் வேறுபாடு இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மானியமில்லா வீட்டுச் சிலிண்டருக்கு ஓர் ஊரில் மூன்றுக்கும் விலை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நிறுவனத்தை மாற்றுவதால் பணம் மிச்சமாவதில்லை. ஆனால், சிலிண்டர் காலத்தில் வராவிட்டால் அதே நிறுவனத்தின் வேறு ஏஜென்சிக்கு மாறும் வசதி 2013 அக்டோபரில் சில நகரங்களில் தொடங்கி, 2014 ஜனவரியில் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. ஏஜென்சியின் விநியோக எல்லைக்குள் வீடு கொண்டுவந்து சேர்க்கும் கூலி ரசீது விலையிலேயே அடங்கியிருக்கிறது. எனவே ரசீதைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள தொகையைத் தருவது நம் உரிமை. குடோனுக்கு நேரில் சென்று எடுப்பவருக்கு அக்கூலி கழித்துத் தரப்பட வேண்டும்.

கூரைமேல் சூரியன்

உப்பை விளைவிக்கும் சூரியனே மின்சாரத்தையும் விளைவிக்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரிய மின் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. இங்கேதான் நமக்கு உண்மையில் பல விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். மூவரிடமாவது எழுத்தில் விலை கேட்டு ஒப்பிடலாம். நம் ஊரின் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால், தாங்கும் சட்டம் துருப்பிடிக்காத வகையா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் கேட்க வேண்டும்.

1 கிலோவாட் தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். 600 யூனிட் வீட்டின் பில் இதனால் ரூ.2,750லிருந்து ரூ.945 அளவிற்கு இறங்கும். 180 யூனிட் வீட்டிற்கோ மிச்சமாகக்கூடியது ரூ.180 மட்டுமே, அதற்காகக் கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

எல்லோரும் சேர்ந்து பேசும் இடம்

கட்டணத்தை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். முடிவு செய்யுமுன் அது மக்களின் கருத்தைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் இத்தகைய கூட்டங்கள் நடந்தன. நேரில் போக முடியாதவர் எழுதி அனுப்பலாம். மழைக்காலத்தில் வருமானமில்லாத உப்பளக் குடும்பங்களின் நிலையை நம் ஊரார் ஒன்றுகூடி எழுதினால் அதுவும் விலை பேசுவதே ஆகும். பில்லில் தவறு இருந்தால் முதலில் பிரிவு அலுவலகத்திலும், தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும் முறையிடலாம்.

முடிவுரை

மின்சாரத்தில் மலிவான கடை எது என்று தேடிப் போக நமக்கு வழியில்லை. ஆனால் எத்தனை யூனிட், எந்தப் படி, யாருக்கு எவ்வளவு என்னும் மூன்றையும் அறிந்தவரை எவரும் ஏமாற்ற இயலாது. அன்புத் தோழியரே! ஒவ்வொருவரும் ஒரு பழைய நோட்டை எடுத்து, வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் எண்ணைக் குறித்து வருவோம். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டை அம்மாவின் கையில் கொடுப்போம். மழைக்காலத்துப் பில் வரும்போது, அடுப்படிச் செலவுக்கு அவரிடம் நாலு காசு மிஞ்சும்.