இடம் வலம் மாறாத படம்

நுழையும்முன்

மண்டையோட்டைத் திறவாமலே மூளையைக் காணும் வழியை அறிவியல் நமக்குத் தந்துள்ளது. எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றுவது எளிய செயலாகத் தோன்றும். ஆயினும், அங்கு நேரும் ஒரு சிறுபிழை நோயுற்ற பக்கத்தையே மாற்றிக் காட்டிவிடும். அப்பிழை எவ்வாறு நேர்கிறது, அதை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

எண்களின் அடுக்கு

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கம் குறித்த கண்டுபிடிப்புகளுக்காகப் பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவரும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இக்கருவி மூளையை மெல்லிய அடுக்குகளாகப் படம்பிடிக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் சின்னஞ்சிறு கனத்துண்டுகளால் ஆனது. அத்துண்டினை ‘வோக்சல்’ என்பர். ஒவ்வொன்றின் ஒளிர்வையும் ஓர் எண் குறிக்கும். ஓர் அடுக்கில் 256 வரிசைகள், வரிசைக்கு 256 துண்டுகள் என 176 அடுக்குகள் இருப்பின், மொத்தம் 1,15,34,336 எண்கள் கிடைக்கும்.

கோப்பினுள் இவ்வெண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. எது நெற்றி, எது பிடரி என்பதை அவை தாமே கூறா. திசை குறிக்கப்படாத நிலப்படத்தைப் போன்றவை அவை.

தலைப்பகுதியின் பணி

எனவேதான் கோப்பின் தொடக்கத்தில் ‘தலைப்பகுதி’ என்னும் குறிப்பு இடம்பெறுகிறது. துண்டுகளின் எண்ணிக்கை, அளவு, திசை ஆகியவற்றை அது தெரிவிக்கிறது. மருத்துவமனைக் கருவிகள் ‘டைகாம்’ என்னும் வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. அதில் நோயாளியின் பெயரும் பிறந்த நாளும் இருக்கக்கூடும்; ஆகவே, பிறருடன் பகிருமுன் அவற்றை நீக்குதல் ஆய்வாளரின் கடமையாகும். மூளை ஆய்வு மென்பொருள்கள் பெரும்பாலும் ‘நிஃப்டி’ வடிவைப் பயன்படுத்துகின்றன. ஆதலால், ஆய்வுக்கு முன் கோப்பை ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டியுள்ளது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. டைகாம் வடிவில் முதல் அச்சின் மதிப்பு நோயாளியின் இடப்பக்கம் நோக்கி உயரும். நிஃப்டி வடிவிலோ வலப்பக்கம் நோக்கி உயரும். இவ்வேறுபாட்டைக் கருதாமல் எண்களை மட்டும் எடுத்துவைத்தால், மூளை கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் பக்கம் மாறிவிடும். நிஃப்டிக்கு முன்பு வழங்கிய ‘அனலைஸ்’ வடிவில் திசைக்குறிப்பு தெளிவாக இல்லாமையால் இக்குழப்பம் மிகுந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

மூளையின் இரு பாதிகளும் தோற்றத்தில் ஏறத்தாழ ஒத்தவை. ஆகவே, பக்கம் மாறிய படம் பார்ப்பவருக்குச் சரியானதாகவே தோன்றும். செயலிலோ இரு பாதிகளும் வேறுபட்டவை. பேசும் திறனை இழந்த ஒருவரின் மூளையை 1861-இல் ஆராய்ந்த பால் புரோக்கா, இடப்பாதியின் முன்மடலில் சிதைவைக் கண்டார். பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் இடப்பாதியே. பக்கம் மாறிய படத்தை நம்பி அறுவைக்குத் திட்டமிட்டால், நலமான பகுதியன்றோ கத்திக்கு இலக்காகும்!

பிழை தவிர்க்கும் முறை

படமெடுக்கும்போது நெற்றியின் வலப்பக்கத்தில் வைட்டமின் இ மாத்திரை ஒன்றை ஒட்டிவைப்பது ஓர் எளிய உத்தி. அதிலுள்ள எண்ணெய் படத்தில் வெண்புள்ளியாக ஒளிரும். மென்பொருளில் ஏற்றியபின், அப்புள்ளி வலப்பக்கமென்று குறிக்கப்பட்ட இடத்தில் உள்ளதா எனச் சரிபார்க்கலாம். மேலும், மருத்துவர் வழக்கில் நோயாளியின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் காட்டப்படும். நம் எதிரே நிற்பவரின் இடக்கை நமக்கு வலப்புறம் தெரிவது போன்றது இது. மென்பொருள் எவ்வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கருவி எத்துணை நுட்பமானதாயினும், இது எந்தப் பக்கம் என்று கேட்கும் பொறுப்பு மனிதருக்கே உரியது.

தெரியுமா?

நிஃப்டி கோப்பின் முதல் எண் 348. அது தலைப்பகுதியின் நீளம். பைட்டு வரிசையைத் தலைகீழாகப் படித்தால் அதுவே 154,35,69,408 எனத் தோன்றும். அதைக் கொண்டு மென்பொருள் தன் வாசிப்பைத் திருத்திக்கொள்கிறது.

கற்பவை கற்றபின்

1. பக்கம் மாறிய மூளைப் படத்தைக் கண்ணால் கண்டறிவது ஏன் கடினம்? விளக்குக.
2. நோயாளியின் பெயரை நீக்கியபின்னரே படத்தைப் பகிர வேண்டும் என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.