சாவி யார் கையில்?

புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் இருக்கிறது. பெரிய ஏரி உள்ள ஊர். அதன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் எழுத்தறிவு மையம் நடக்கிறது. மாலை 7 மணிக்கு வகுப்பு. வயல் வேலை முடித்துவிட்டு எல்லோரும் வருவார்கள்.

ஒரு நாள் எல்லோரிடமும் சொன்னேன்.

"நாளைக்கு வரும்போது வீட்டில் இருக்கும் ஒரு காகிதம் எடுத்து வாருங்கள். அதையே படிக்கலாம்."

மறுநாள் ஒருவர் ரேஷன் கார்டு கொண்டு வந்தார். ஒருவர் வங்கிப் புத்தகம் கொண்டு வந்தார். பால்காரத் தாத்தா சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்தார். நாம் லைசென்சு என்று சொல்வோமே, அதுதான்.

தாத்தாவுக்கு வயது 67. அவரும் அவர் மனைவியும் ஒன்றாகத்தான் வகுப்புக்கு வருவார்கள். அவரை நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம்.

தாத்தா உரிமத்தில் இருந்த எண்களை விரல் வைத்துப் படித்தார். பிறந்த தேதி படித்தார். கடைசித் தேதி படித்தார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"பாப்பா, இன்னும் மூணு மாசந்தான் இருக்குது!"

இத்தனை வருடமாக அது அவர் பையில்தான் இருந்தது. அன்றுதான் அவரே அதைப் படித்தார்.

ஆயா உடனே சொன்னார். "நல்லதாப் போச்சு. அதோட வண்டியை நிறுத்திடட்டும். நேத்துக் கீழே விழுந்ததை உன்கிட்ட சொன்னாரா?"

தாத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

என்ன நடந்தது?

தாத்தா 35 வருடமாகப் பால் வியாபாரம் செய்கிறார். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்புவார். பைக்கின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். ஒரு கேனில் 20 லிட்டர். இரண்டு கேனில் 40 லிட்டர். 40 லிட்டர் பாலின் எடை சுமார் 41 கிலோ. கேனின் எடை வேறு. ஊருக்குள் 25 வீட்டுக்கு ஊற்றுவார். மீதியைக் கடலூர் சாலையில் உள்ள டீக்கடைகளுக்குக் கொண்டு போவார்.

முதல் நாள் காலையில் மதகுப் பக்கம் வண்டியை மெல்லத் திருப்பினார். காலை ஊன்றினார். கால் ஊன்றியது சரியாகத் தெரியவில்லை. வண்டி சாய்ந்தது. பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கேன் பால் மண்ணில் போனது. முழங்கையில் சிராய்ப்பு. நல்ல வேளை, பின்னால் லாரி எதுவும் வரவில்லை.

"மெதுவாத்தான் போனேன்" என்றார் தாத்தா. "பையன் சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிட்டான். நான் என்ன சின்னப் பிள்ளையா? வண்டி இல்லன்னா நான் வீட்டுல சும்மா உட்கார்ந்து சாப்பிடணுமா?"

ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பால் போனாப் போவுது. நீ போனா நான் என்ன பண்ணுவேன்?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். வண்டி தாத்தாவுக்குச் சோறு. மரியாதையும்கூட. ஆயாவின் பயமும் பொய் இல்லை.

அன்று பாடத்தை மாற்றினோம். கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "வயதான பிறகு வண்டி ஓட்டலாமா?"

சட்டம் என்ன சொல்கிறது?

இத்தனை வயதுக்கு மேல் ஓட்டவே கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் வயது கூடக் கூட அடிக்கடி பரிசோதனை கேட்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். அதன்படி சொந்த வண்டி ஓட்டும் உரிமத்தை 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால், ஐந்து வருடம் செல்லும். பிறகு மறுபடியும் புதுப்பிக்க வேண்டும்.

40 வயது தாண்டியவர்கள் மருத்துவரிடம் சான்று வாங்கித் தர வேண்டும். அந்தப் படிவத்தின் பெயர் 1-ஏ.

உரிமம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பம் கொடுக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். உரிமம் முடிந்த பிறகு, புதுப்பிக்காமல் ஓட்டக் கூடாது. ஓட்டினால் அபராதம் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

மருத்துவச் சான்றைச் சிலர் வெறும் காகிதமாக நினைக்கிறார்கள். பார்க்காமலே கையெழுத்து வாங்கி வருகிறார்கள். அந்தக் கையெழுத்து காவலரிடம் நம்மைக் காப்பாற்றும். லாரியிடம் காப்பாற்றாது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு விநாடிக்கு எவ்வளவு தூரம் போகும்?

40 கிலோமீட்டர் என்றால் 40,000 மீட்டர். ஒரு மணிக்கு 3,600 விநாடி. வகுத்தால் சுமார் 11 மீட்டர்.

குறுக்கே ஒரு நாய் ஓடி வருகிறது. கண் பார்க்க வேண்டும். மூளை புரிந்துகொள்ள வேண்டும். கை கால் பிரேக்கை அழுத்த வேண்டும். இதற்கு ஒரு விநாடி ஆனால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே வண்டி 11 மீட்டர் போய்விடும். இரண்டு விநாடி ஆனால் 22 மீட்டர். அதன் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும்.

வயது ஏறினால் இந்த நேரம் கூடும். அது யாருடைய குற்றமும் இல்லை. உடம்பின் இயல்பு.

2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். காரில் இருப்பவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. பைக்கில் இருப்பவருக்கு என்ன இருக்கிறது? தலையில் ஒரு ஹெல்மெட் மட்டும்தான். அதையும் பலர் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

உடம்பைக் கேட்போம்

"ஓட்டலாமா, கூடாதா என்று யார் சொல்வது?" என்று ஒரு அம்மா கேட்டார்.

முதலில் உடம்பைக் கேட்க வேண்டும். பிறகு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கண்: 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் எண் பலகையைப் பகல் வெளிச்சத்தில் படிக்க முடிய வேண்டும். உரிமத்துக்கான படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு படிக்கலாம். 25 மீட்டர் என்பது பெரியவர்கள் நடையில் 30 முதல் 35 எட்டு.

இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டதும் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதா? கண்புரை இருக்கலாம். அறுவைச் சிகிச்சையில் இதைச் சரி செய்யலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள்.

காது: பின்னால் வரும் ஹாரன் கேட்கிறதா?

கழுத்து: தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா?

கையும் காலும்: நின்ற வண்டியைச் சாயாமல் பிடிக்க முடிகிறதா? ஸ்டாண்டு போட முடிகிறதா? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா? சர்க்கரை நோய் நாளானால் பாதம் மரத்துப் போகும். பிரேக்கை எவ்வளவு மிதித்தோம் என்று தெரியாது.

மாத்திரை: சில சளி மாத்திரைகள் தூக்கம் தரும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் தலைசுற்றல் தரும். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி குழம்பும். ஊசி போடுகிறவர்களுக்கும் இப்படி ஆகலாம். "இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

திடீர் மயக்கம், வலிப்பு, இரண்டு இரண்டாகத் தெரிவது, தெரிந்த பாதை மறந்து போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே வண்டியை நிறுத்துங்கள். மருத்துவர் சொல்லாமல் மறுபடி எடுக்காதீர்கள்.

தாத்தாவின் சோதனை

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பே தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு வண்டியை நிறுத்தினோம். 33 எட்டு எண்ணித் தாத்தா நின்றார்.

முதலில் வலது கண்ணை மூடினார். இடது கண்ணால் படித்தார். "பி.ஒய். 01..." எல்லா எண்ணும் சரி. எல்லோரும் கை தட்டினோம்.

பிறகு இடது கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார்.

"வண்டி தெரியுது பாப்பா. எழுத்து தெரியல. புகை மாதிரி இருக்குது."

யாரும் கை தட்டவில்லை. தாத்தாவே மெல்லச் சொன்னார். "நாலு மணி இருட்டுல இந்தக் கண்ணோடத்தான் போயிட்டிருந்தேனா?"

மறுநாள் மகன் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வலது கண்ணில் கண்புரை. சர்க்கரையும் இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருந்தது.

கண் அறுவை நடந்தது. கண் மருத்துவர் ஓட்டலாம் என்று சொல்லும் வரை தாத்தா வண்டியைத் தொடவில்லை. அதுவரை ஆயாவின் தம்பி மகன் பால் ஊற்றினான்.

முடிவு

மருத்துவர் சான்று கொடுத்தார். உரிமம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. பழையபடி ஓட்டலாம் என்று தாத்தா சொல்லவில்லை. ஆயாவையும் மகனையும் உட்கார வைத்துப் பேசினார். பேசி முடித்ததை நோட்டில் அவர் கையாலேயே எழுதினார்.

1. இருட்டில் ஓட்ட மாட்டேன். விடிந்த பிறகு கிளம்புவேன்.
2. கடலூர் சாலைக்குப் போக மாட்டேன். டீக்கடைப் பால் ஆயாவின் தம்பி மகனுக்கு.
3. 20 லிட்டர் கேன் வேண்டாம். 10 லிட்டர் கேன் இரண்டு போதும்.
4. பின்னால் யாரையும் ஏற்ற மாட்டேன். பேரனையும்கூட.
5. சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி எடுப்பேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் போட்டு வார் கட்டுவேன்.
6. ஒவ்வொரு பொங்கலுக்கும் எண் பலகை படித்துப் பார்ப்போம்.
7. அதற்குள் ஒருமுறை வண்டி சாய்ந்தாலும் நானே சாவியைக் கொடுத்துவிடுவேன்.

இதில் நட்டமும் உண்டு. பால் தாமதமாக வருகிறது என்று இரண்டு வீடு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு 100 ரூபாய் வருமானம் குறைந்தது. அதை மகன் சொன்னபோது ஆயா பதில் சொன்னார். "விழுந்து ஆஸ்பத்திரியில படுத்தா எத்தனை நூறு போவும்?"

மகனும் ஒன்றைப் புரிந்துகொண்டார். சாவியை ஒளித்து வைத்தால் கோபம்தான் வரும். சாவியைப் பிடுங்குவதற்கு முன் கேட்க வேண்டும்: அப்பா இனி பால் எப்படிக் கொண்டு போவார்? மருத்துவமனைக்கு யார் கூட்டிப் போவது? கோயிலுக்கு எப்படிப் போவார்? இதற்கு வழி சொல்லாமல் "ஓட்டாதே" என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்?

இப்போது சாவி வாசல் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. யாரும் ஒளிக்கவில்லை. தாத்தா விடிந்த பிறகுதான் அதை எடுக்கிறார்.

ஒரு நாள் அவர் எடுக்காமலே விட்டுவிடுவார். அந்த நாளை விபத்து முடிவு செய்யக் கூடாது. தாத்தாதான் முடிவு செய்ய வேண்டும்.

பேசுவோம்

1. தாத்தாவுக்கு ஏன் கோபம் வந்தது? ஆயா ஏன் அழுதார்?
2. தாத்தா எடுத்த ஏழு முடிவுகளில் எது கடினமானது? ஏன்?
3. உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் பெரியவர் இருக்கிறாரா? அவர் வண்டியை விட்டால் எந்த வேலை நிற்கும்? அதற்கு என்ன வழி?

செய்து பார்ப்போம்

1. 33 எட்டு தள்ளி நின்று ஒரு எண் பலகையைப் படியுங்கள். முதலில் ஒரு கண்ணால். பிறகு மறு கண்ணால்.
2. உங்கள் வீட்டில் உள்ள ஓட்டுநர் உரிமத்தை எடுங்கள். அது எந்தத் தேதி வரை செல்லும்? நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

எழுதிப் பழகுவோம்

ஓட்டுநர் உரிமம்
கண்புரை
எண் பலகை
மருத்துவச் சான்று
நானே முடிவு செய்வேன்