கோடையில் மல்லிகைக் கொல்லை

சித்திரை, வைகாசி மாதங்களில் மற்றச் செடிகள் வாடுங்கால், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கொல்லைகளில் குண்டுமல்லிகை மிகுதியாய்ப் பூக்கிறது. இதற்கு வெயில் பகையன்று, நிழலே பகை. ஆதலின் மரத்தடியில் நடலாகாது.

சித்திரைப் பூ கார்த்திகையிலேயே நிச்சயமாகிறது. நவம்பர்க் கடைசி வாரத்தில் செடியைத் தரையினின்று 50 செண்டிமீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்து தொழுவுரம் இட்டால் புதுக்கிளைகள் தோன்றும். அவற்றின் நுனியிலேயே மொட்டு வைக்கும். கத்தரிக்க மனமில்லாதவர் கொல்லையில் இலையே மிகும்.

நரம்பு பச்சையாயிருக்க இலை மட்டும் மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் ஜலத்தில் 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தல் நன்று. வேரில் ஜலம் தேங்கலாகாது. துளைபட்ட மொட்டினுள் புழுவிருக்கும். அதனைக் கிள்ளி அழித்தல் வேண்டும்.

மொட்டைச் சூரியோதயத்துக்கு முன் பறித்தல் அவசியம். பறியாது விட்டால் மாலையில் செடியிலேயே மலர்ந்துவிடும். மறுநாள் அதனை வாங்குவாரில்லை. எல்லார் செடியும் ஒரே காலத்தில் பூப்பதால் விலையும் இறங்கும். ஆழாக்கு மொட்டுடன் ஒருவர் தனியே சென்னைக் கோயம்பேட்டு அங்காடிக்குச் சென்றால் கிடைக்கும் பணம் வழிச்செலவுக்கே சரியாகும். பத்து வீட்டார் மொட்டையும் சேர்த்து ஒருவர் எடுத்துச் சென்றால் ஒவ்வொருவர் பங்குக்கும் செலவு பத்திலொன்றே. கூட்டுறவின் பயன் கொல்லைப்புறத்திலும் உண்டென்பதை அங்கத்தினர் இதனால் அறியலாம்.