டீசல் லாரியின் தானியங்கிக் கியர் பெட்டி எவ்வளவு கூடுதல் திறனைத் தாங்கும்?

எஞ்சினின் திறனை உயர்த்தினால் பாரம் சுமக்கும் லாரி மேட்டில் விரைவாக ஏறும் என்னும் எண்ணம் பணிமனைகளில் பரவலாக உள்ளது. டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை இது அரிய செயலன்று. செலுத்தப்படும் எரிபொருளின் அளவையும் டர்போவின் காற்றழுத்தத்தையும் கூட்டினால் திறன் கூடிவிடும். ஆயினும் எஞ்சினில் பிறக்கும் திறன் சக்கரங்களை அடையுமுன் கியர் பெட்டியைக் கடந்தாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள தானியங்கிக் கியர் பெட்டி எவ்வளவு கூடுதலைத் தாங்கும் என்பதை எவ்வாறு கணிப்பது? அதனை இப்பாடத்தில் காண்போம்.

மைசூர் நகரம் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான இடமாகும். 1964ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், 1984ஆம் ஆண்டில் மைசூரில் தன் லாரிப் பிரிவை நிறுவியது. பின்னர் எஞ்சின் பிரிவும் அங்கே அமைந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடும் பெரிய டம்பர் லாரிகள் இங்கு உருவாகின்றன. இவற்றுள் 35 டன், 60 டன், 100 டன் வகைகள் தானியங்கிக் கியர் பெட்டி கொண்டவை. 150 டன், 205 டன் வகைகளிலோ டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்ற, மின் மோட்டார்கள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. எனினும், கியர் பெட்டிக்கு 100 டன்தான் எல்லை என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் காட்டர்பில்லர் 797F லாரி ஏறத்தாழ 363 டன் சுமையை ஏழு வேகத் தானியங்கிக் கியர் பெட்டியைக் கொண்டே இழுக்கிறது. ஆகவே எல்லை என்பது அந்தந்தப் பெட்டியின் அமைப்பைப் பொறுத்ததேயன்றி, தத்துவத்தைப் பொறுத்ததன்று.

திறனும் முறுக்கு விசையும்

கியர் பெட்டியின் அச்சுகளையும் கிளச்சுகளையும் வருத்துவது முறுக்கு விசையாகும். கிலோவாட்டில் உள்ள திறனை 9550 ஆல் பெருக்கி, நிமிடச் சுழற்சி எண்ணால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் முறுக்கு விசை கிடைக்கும். 2100 சுழற்சியில் 200 கிலோவாட் தரும் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 910 நியூட்டன் மீட்டர். அதே திறனை 1400 சுழற்சியில் பெற்றால் அது 1364 ஆகிவிடும். எனவே, “இத்தனை குதிரைத்திறன் கூட்டலாமா?” என்று வினவுவதைவிட, “எந்தச் சுழற்சியில் எவ்வளவு முறுக்கு விசை கூடுகிறது?” என்று வினவுவதே முறையாகும்.

முறுக்கு மாற்றி

எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் எனப்படும் முறுக்கு மாற்றி. ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினோடு சுழலும் பம்பு சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் டர்பைன் சக்கரத்தைத் தள்ளுகிறது. நடுவிலுள்ள நிலைச்சக்கரம் எண்ணெயின் திசையைத் திருப்புவதால், வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது முறுக்கு விசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. லாரி எளிதாகப் புறப்படுவதற்குக் காரணம் இதுவே. கிளச்சுகளுக்குப் பெருஞ்சுமை நேருவதற்குக் காரணமும் இதுவே.

கிளச்சுகளின் எல்லை

தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் பல்தட்டுக் கிளச்சுகள் கியர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. உராய்வுக் குணகம், இறுக்கும் விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் கிளச்சு தாங்கும் முறுக்கு விசை கிடைக்கும்.

கற்பனையான ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். குணகம் 0.1, விசை 20,000 நியூட்டன், ஆரம் 0.12 மீட்டர், முகங்கள் 10. கிளச்சு தாங்குவது 2400 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தரும் 910 நியூட்டன் மீட்டரை முறுக்கு மாற்றி 2.2 மடங்காக்கினால் 2002 ஆகிறது. இம்முறுக்கு விசை முழுவதும் அக்கிளச்சின் மீதே விழுவதாகக் கொண்டால், கையிருப்பு ஏறத்தாழ 20 சதவீதம்.

இப்போது எஞ்சினின் முறுக்கு விசையை 20 சதவீதம் கூட்டுவோம். 1092 நியூட்டன் மீட்டர் 2.2 மடங்காகி 2402 ஆகிறது. கையிருப்பு முற்றிலும் கரைந்துவிட்டது. நாளடைவில் பம்பு தேய்ந்தோ, சீல் கசிந்தோ இறுக்கும் விசை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கிளச்சு தாங்குவது 2160 மட்டுமே. அப்பொழுது தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் உராய்வுப் பூச்சு கருகும். புதிய பெட்டி தாங்கிய கூடுதலைப் பழைய பெட்டி தாங்காமற்போவது இதனாலேயே.

வெப்பத்தின் எல்லை

முறுக்கு மாற்றி ஏற்கும் முறுக்கு விசை சுழற்சியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே, டர்பைன் அசையாமல் நிற்கும் நிலையில் எஞ்சினின் முறுக்கு விசையை 20 சதவீதம் உயர்த்தினால், சுழற்சி ஏறத்தாழ 9.5 சதவீதம் உயரும். இரண்டும் சேர்ந்து திறன் 31 சதவீதம் மிகும். சக்கரம் அசையாததால் இத்திறன் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது.

முன்னைய எஞ்சின் அந்நிலையில் 1575 சுழற்சியில் 150 கிலோவாட்டைச் செலுத்துவதாகக் கொண்டால், 10 விநாடியில் பிறப்பது 1500 கிலோஜூல் வெப்பம். 30 கிலோகிராம் எண்ணெய், கிலோகிராமுக்கு ஒரு டிகிரி உயர 2 கிலோஜூல் வேண்டும் என்ற கணக்கில், 25 டிகிரி சூடேறும். திறன் கூட்டிய எஞ்சினில் அது ஏறத்தாழ 33 டிகிரியாகும். குளிர்விப்பானோ பழைய அளவிலேயே இருக்கிறது. மேட்டில் நிறுத்தி நிறுத்திப் புறப்படும் லாரிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆயுளின் எல்லை

கிளச்சு வழுக்கவில்லை, எண்ணெயும் சூடேறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உருளைத் தாங்கிகளின் ஆயுள் சுமையின் 3.33 மடிக்குத் தலைகீழாக மாறும். சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறத்தாழ 54 சதவீதமாகச் சுருங்கும். “ஓராண்டாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை” என்னும் சான்று ஆறுதல் தரலாம்; ஆனால் செலவழிந்துபோன ஆயுளை அது காட்டுவதில்லை.

மின்னணுக் கட்டுப்பாடு

இக்காலத்துப் பெட்டிகளில் எஞ்சினின் கணினி, தான் தரும் முறுக்கு விசையின் அளவைக் கியர் பெட்டியின் கணினிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கேற்பவே கிளச்சுகளின் எண்ணெய் அழுத்தம் அமைகிறது. வெளியிலிருந்து ஒரு துணைப் பெட்டியைப் பொருத்தி, எஞ்சினின் கணினி அறியாதவாறு எரிபொருளைக் கூட்டினால், உண்மையில் உள்ளதைவிடக் குறைந்த அளவே அறிவிக்கப்படும். அழுத்தமும் குறைவாகவே அமையும். தாங்கும் வலிமை இருந்தும் கிளச்சு வழுக்குவதற்கு இதுவே மறைமுகக் காரணம்.

களப் பணியாளர் கருதத்தக்கவை

கியர் பெட்டி தயாரிப்பாளர் பொதுவாக மூன்று உச்ச அளவுகளைக் குறிக்கின்றனர்: உட்புகும் திறன், உட்புகும் முறுக்கு விசை, டர்பைனில் வெளிப்படும் முறுக்கு விசை. மூன்றையும் ஒப்பிட்டு, எது முதலில் எட்டப்படுகிறதோ அதனையே எல்லையாகக் கொள்ளவேண்டும். எஞ்சின் ஏற்கெனவே அவ்வெல்லையை ஒட்டியிருந்தால் கூட்டுவதற்கு இடமில்லை. இடமிருப்பின், குளிர்விப்பானின் அளவையும் எண்ணெய் அழுத்தத்தையும் சரிபார்த்த பின்னரே முடிவு செய்யலாம்.

எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசினாலும், கியர் மாறும்போது எஞ்சின் வேகம் திடீரென எகிறினாலும் கிளச்சு வழுக்குகிறது என்று அறியலாம். நிலைச்சோதனையைத் தயாரிப்பாளரின் கையேட்டில் கண்டபடி, சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, குறித்த சில விநாடிகளுக்கு மேற்படாமல் செய்யவேண்டும். பின்னர் நியூட்ரலில் எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு எண்ணெயைக் குளிர்விக்க வேண்டும்.

சாலையில் ஓடும் வண்டிகளுக்குச் சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

ஆசிரியர்களுக்கு

இரு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், மற்றதன் இறக்கைகளும் சுழலத் தொடங்கும். பம்பும் டர்பைனும் செயற்படும் முறையை இதனால் எளிதில் விளக்கலாம். பின்னர் மேற்கண்ட கணக்கை 10 சதவீதக் கூடுதலுக்கு மாணவரே செய்து பார்க்கட்டும். கிளச்சின் கையிருப்பு எவ்வளவு மிஞ்சுகிறது, எண்ணெயின் வெப்பம் எத்தனை டிகிரி உயர்கிறது என்பதை அவர்கள் தாமே கண்டறிவர்.

இறுதியாக ஒன்று. மைசூரிலிருந்து மசினகுடி வழியாக உதகைக்குச் செல்லும் பாதையில் கல்லட்டி மலைச்சரிவு மிகச் செங்குத்தானது. இத்தகைய இறக்கத்தில் லாரியைத் தடுத்து நிறுத்துவதில் எஞ்சினுக்கும் பெரும்பங்குண்டு. அத்தடுப்பு விசை சக்கரங்களை அடைவதும் அதே கிளச்சுகளின் வழியாகவே. ஏற்றத்தில் வழுக்கிக் கருகிய கிளச்சு, இறக்கத்தில் எஞ்சினின் துணையை அறுத்துவிடும். எஞ்சுவது சக்கர பிரேக்குகள் மட்டுமே. ஆதலால் கியர் பெட்டியின் கையிருப்பு வலிமையை வீணே கிடக்கும் பொருளாகக் கருதிச் செலவிடலாகாது. ஓட்டுநரின் உயிருக்கு அதுவே காப்பு.