பால்மரம் தேடி

செனாய் அனைத்துலக விமான நிலையம் 1974இல் திறக்கப்பட்டது. அங்கு வந்திறங்குவோரில் பலர் செனாயைப் பார்ப்பதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்பட்டுவிடுவார்கள். ஆனால், செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் நாகப்பட்டினத்திலிருந்து வந்த மாணவி செனாயைப் பார்ப்பதற்காகவே வந்தாள். அவளும் செனாய் மாணவி ஒருத்தியும் இணையவழிப் பேச்சுப் போட்டியில் எதிரெதிர் அணியில் பேசித் தோழிகள் ஆனவர்கள். அப்பாவுக்கு ஜொகூர் பாருவில் ஒரு வேலை இருந்ததால் அவளும் அவருடன் பயணம் செய்ய முடிந்தது.

வீட்டு வாசலில் தாத்தா அவளைப் பார்த்து, “பசியாறியாச்சா பிள்ளை?” என்று கேட்டார். அவள் விழித்தாள். காலை உணவு உண்பதை மலேசியத் தமிழர்கள் ‘பசியாறுதல்’ என்பார்கள் என்று தோழி விளக்கியதும், “எங்கள் ஊரில் ‘டிபன் ஆச்சா’ என்று கேட்பார்கள். இதுதான் நல்ல தமிழ்!” என்று சிரித்தாள்.

செனாய் மாணவி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அதில் லெகோலாந்து, பேரங்காடி, கண்ணாடிக் கோவில் எல்லாம் இருந்தன. விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு, “எனக்குப் பால்மரம் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பலரும் அந்த மரத்துக்காகத்தானே வந்தார்கள்?” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். மலாயாவுக்கு வேலைக்குப் புறப்பட்டவர்கள் தங்கவைக்கப்பட்ட முகாம்களுள் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. மற்றொன்று ஆவடியில் இருந்தது. 1938இல் இந்திய அரசு அந்தத் தொழிலாளர் பயணத்தை நிறுத்தியது. தாத்தாவின் அப்பா அதற்கு முன்பே, சிறுவனாக, பெற்றோருடன் ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்.

கார் புறப்பட்டது. சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாக மரங்கள். “இவைதான் பால்மரங்களா?” என்று விருந்தாளி கேட்டாள். “இல்லை, செம்பனை,” என்று செனாய் மாணவி உடனே சொன்னாள். குலையை அறுத்த ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் குறையும் என்பதும், எலிகளை ஒழிக்கத் தோட்டங்களில் ஆந்தை வளர்ப்பதும் அவளுக்குத் தெரியும். “அப்படியானால் பால்மரம் எப்படி இருக்கும்?” என்று தோழி கேட்டபோதுதான் அவள் வாயடைத்துப் போனாள். செனாயிலேயே பிறந்து வளர்ந்தவள், பால்மரத்தைப் பாடநூலில் மட்டுமே பார்த்திருந்தாள். அவள் முகம் சிவந்தது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் காரைக் கிளைச்சாலையில் திருப்பினார்.

சிறுதோட்டக்காரர் ஒருவருடைய நிலத்தில் இருபது, முப்பது மரங்கள் மிஞ்சியிருந்தன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு மூவரும் உள்ளே போனார்கள். மரப்பட்டையில், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த பழைய கோடுகள் தெரிந்தன. தாத்தா அவற்றை விரலால் தடவினார்.

“பட்டைக்குள்ளே பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லை, சற்றுச் சாய்ந்திருக்கும். இப்படி எதிராகச் சாய்த்து வெட்டினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும். அப்புறம் அங்கே வெட்ட முடியாது.”

“விடியற்காலையில்தான் வெட்டுவார்களாமே, தாத்தா?”

“வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் அடுப்பும் சரியாக எரியாது.”

கோட்டின் கீழே ஒரு மங்கு தொங்கியது. பால் ஏந்தும் கிண்ணத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அதன் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த பாலைத் தாத்தா உரித்தெடுத்து விருந்தாளியின் கையில் கொடுத்தார். அவள் அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

தாத்தா வேலை செய்த தோட்டம் இருந்த இடத்துக்கும் போனார்கள். அங்கே இப்போது தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. லயன் வீடுகள் இல்லை. ஓரத்தில் ஒரு சிறிய மாரியம்மன் கோவில் மட்டும் இருந்தது. நாடெங்கும் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல்லும் இப்படித்தான் தங்கிவிட்டது. தோட்டம் போயிருக்கும், பெயர் போகாது. “இங்கேதான் பெரட்டுக்கு நிற்போம்,” என்று தாத்தா வாகன நிறுத்துமிடத்தைக் காட்டினார். வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. செனாய் மாணவி அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

மேற்கே, 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்து நீர்த்தேக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொடுக்க 1927இல் உடன்படிக்கை ஆனது. 1961இல் செய்த உடன்படிக்கை 2011 ஆகஸ்ட்டில் முடிந்ததும் அங்கிருந்த நீர் நிலையம் ஜொகூரிடம் திரும்பி வந்தது. மாலையில் கண்ணாடிக் கோவிலுக்கும் போனார்கள். 1922இல் எழுந்த அந்த இராஜகாளியம்மன் கோவிலின் சுவரிலும் கூரையிலும் பதிந்த இலட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளில் இரு தோழிகளின் முகமும் சிதறித் தெரிந்தது.

மறுநாள் விமான நிலையத்தில் விருந்தாளி தன் பையிலிருந்து ஐந்தாறு பால்மர விதைகளை எடுத்தாள். மரத்தடியில் பொறுக்கியவை, பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாய்ப் பளபளத்தன. 1876இல் ஆங்கிலேயர் ஒருவர் பிரேசிலிலிருந்து இப்படி விதைகளைக் கொண்டு போனதால்தான், அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூரை எட்டின. இப்போது அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு விதையைக்கூட விமானத்தில் கொண்டு போக முடியாது. அவள் அவற்றைத் தோழியின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு தாத்தா ஒரு விதையை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்தார். பேத்தியின் கையில் சட்டென்று வைத்தார். “ஐயோ, சுடுது தாத்தா!” என்று அவள் துள்ளினாள். லயத்துப் பிள்ளைகளின் விளையாட்டு அது. அவள் இன்னொரு விதையை எடுத்து, தாத்தா பார்க்காத நேரத்தில் தேய்க்கத் தொடங்கினாள்.