காச்சில் பூக்காவிட்டால் என்ன?

குமரி மாவட்டத்தில் காச்சில், யாழ்ப்பாணத்தில் இராசவள்ளி, வேறு ஊர்களில் பெருவள்ளி. பந்தல் மூடப் படர்ந்த கொடியில் பூவைக் காணவில்லை என்றதும், “மண்ணில் சத்தில்லை, கிழங்கும் வைக்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பாவம், கொடி ஒரு குற்றமும் செய்யவில்லை.

நம்பிக்கை: பூக்காத கொடி நோய்ப்பட்ட கொடி.

உண்மை: இந்த இனத்தில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூக்களோ சில மில்லிமீட்டர் அளவுதான். பூத்தும் கண்ணில் படாமல் போவதுண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிழங்குத் துண்டை நட்டே பயிர் செய்து வருவதால் யாருக்கும் விதை தேவைப்படவில்லை. பூக்கும் திறன் குன்றிய ரகங்களும் அப்படியே தங்கிவிட்டன. பெருவள்ளியில் 40, 60, 80 என்று வெவ்வேறு குரோமோசோம் எண்ணிக்கை கொண்ட ரகங்கள் உண்டு. 60 உள்ளவை விதை பிடிப்பது அரிது. இது பிறவிக் குணம். உரம் கொட்டி மாற்ற முடியாது.

நம்பிக்கை: நம் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் சமம், செடி பூப்பதற்குப் பகலின் நீளம் ஒரு பொருட்டே அல்ல.

உண்மை: யாழ்ப்பாணத்தில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகவே வித்தியாசம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நமக்கு உறைக்காத இந்த வித்தியாசம் இலைக்கு உறைக்கிறது. காவிரிப் படுகையின் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள், முன்னே நட்டாலும் பின்னே நட்டாலும், பகல் சுருங்கும் பருவம் பார்த்தே கதிர் விட்டன.

1920இல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் இந்தப் பகல்கணக்கை முதலில் நிறுவினார்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: பகல் குறுகும்போது பூக்கும் குறும்பகல் செடி உண்மையில் அளப்பது இடையறாத இரவின் நீளத்தை. நள்ளிரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே போதும், பூக்கும் ஏற்பாடு கலைந்துவிடும். பசுமைக்குடில்களில் சாமந்திக்கு இரவில் விளக்குப் போட்டுப் பூப்பைத் தள்ளிவைப்பது இந்த அறிவை வைத்துத்தான்.

நம்பிக்கை: அப்படியானால் பகல் குறைந்ததும் எல்லா வள்ளியும் பூத்தாக வேண்டும்.

உண்மை: பகல் நீளம் ஒரு நிபந்தனை, அவ்வளவே. கொடியின் மரபு, பாலினம், வயது, மழை, வெப்பம் எல்லாம் ஒத்துவர வேண்டும். பூத்தாலும் ஆணும் பெண்ணும் ஒரே சமயத்தில் பூக்காமல் போகலாம். புது ரகம் உருவாக்குவோருக்கு இதுதான் பெருந்தொல்லை; நடவு நாளை முன்பின் மாற்றி இரண்டையும் ஒரே வாரத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனமும், திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த இடைஞ்சலோடுதான் கலப்பினங்களை உருவாக்கியிருக்கின்றன. அந்தப் பொறுமைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: பூ வந்தால் கிழங்கு சிறுத்துவிடும்.

உண்மை: மேற்கு ஆப்பிரிக்க வெள்ளை வள்ளியில் தாராளமாகப் பூக்கும் ரகங்களும் நல்ல கிழங்கு தருகின்றன. பகல் நீளம் கிழங்கில் காட்டும் வேலைதான் விவசாயி உண்மையில் கவனிக்க வேண்டியது. நீண்ட பகலில் கொடியும் இலையும் தழைக்கின்றன. பகல் சுருங்கத் தொடங்கியதும் மாவுச்சத்து கீழே இறங்கிக் கிழங்கு பருக்கிறது. ஆடி வரை நடவைத் தள்ளிப்போட்டால், கொடி போதிய இலை விடும் முன்பே கிழங்கு கட்டும் காலம் வந்துவிடும், விளைச்சல் குறையும். பங்குனி, சித்திரையில் கிழங்கு முளைகட்டியதுமே நட்டுவிடுங்கள்.